பொட்டு வைத்த பேடு

என்னைப் பெண் கேட்டு வந்த காருக்கு நானேதான் பாலிஷ் போட்டேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வில்லியனூரிலிருந்து அரியூர் போகிற வழியில் அப்பாவின் ஹார்டுவேர் கடைக்கென்று ஒரு தகர ஷெட் இருந்தது. அதில் சிமென்ட் மூட்டையும் எலியும்தான் குடியிருந்தன. அழுது, சண்டை பிடித்து, ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து அதை நான் வாங்கினேன். கார் பாலிஷ் ஷெட் என்று போர்டு மாட்டினேன். அப்பா மட்டும் கடைக்கு வருகிறவர்களிடம் "பொண்ணு காரு கழுவுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கழுவுவது வேறு, பாலிஷ் வேறு என்று நான் ஒவ்வொரு முறையும் கத்துவேன். அவரும் ஒவ்வொரு முறையும் சரி சரி என்பார்.

என்ன பெரிய வேறு என்கிறீர்களா? மெஷினின் முகத்தில் ஒரு பேடு ஒட்டியிருக்கும். சின்ன ஊத்தப்பம் அளவுதான் இருக்கும். அதன் மேல் மைக்ரோஃபைபர், அதாவது பூந்துவாலை மாதிரி குட்டிக் குட்டி இழைகள். கொஞ்சம் காம்பவுண்ட், அதாவது பாலிஷ் பசை, தடவி பெயிண்ட் மேல் ஓடவிட்டால் அந்த இழைகள் கீறலும் மங்கலுமாக இருக்கிற மேல்தோலை மட்டும் மெல்ல வழித்துவிடும். பிறகு துணியால் ஒரு துடை. கூரையில் எரிகிற டியூப் லைட் மாதிரியே காருக்குள்ளும் ஒன்று எரியும். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இன்றைக்கும் வருகிறது. யாராவது பக்கத்தில் இருந்தால் இருமுவது போல நடிப்பேன்.

ஆனால் பேடு விஷயத்தில் நான் ராட்சசி. இழைகளுக்குள் ஒரு மணல் இருந்தால் போதும், துடைக்க வந்ததே கீறிவைத்துவிடும். அதனால் ஒரு கதவு முடிந்ததும் காற்றடித்துத் தூசி தட்டுவேன். தரையில் விழுந்த பேடைத் துவைக்காமல் கார் பக்கம் கொண்டுபோக மாட்டேன். வெள்ளைக் காரில் கீறல் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரியும்.

என்னைப் பெண் கேட்டு வந்தவன் அரியூர் மருத்துவக் கல்லூரியில் லேபில் வேலை பார்த்தான். முதலில் ஒரு டாக்டரின் காரை எடுத்துக்கொண்டு வந்தான். பிறகு இன்னொரு டாக்டரின் கார். டாக்டர்கள் தீர்ந்ததும் தன் பைக்கைக் கொண்டுவந்தான். பைக் பளபளவென்று ஆன பிறகு ஹெல்மெட்டைக் கொண்டுவந்தான். ஹெல்மெட்டுக்கு யாராவது பாலிஷ் போடுவார்களா? நான் போட்டுக் கொடுத்தேன்.

அவன் வீடு பூரணாங்குப்பம். அவன் அம்மா மீன் வியாபாரம் செய்கிறவர். கரையில் ஏலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, ஊர் ஊராக அனுப்புவார். ஏலத்தில் அவர் குரல் எழும்பினால் எதிரில் நிற்கிற ஆண்கள் தலையைச் சொறிவார்கள் என்று அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

இரண்டு வீட்டிலும் எங்கள் விஷயம் தெரிந்தபோது பெரிய பூகம்பம் எதுவும் வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. முணுமுணுப்பு. கடைக்காரர் வீட்டுப் பெண்ணைக் கடற்கரையில் கொடுப்பதா என்று எங்கள் அப்பா. கடைக்காரங்க வூட்டுப் பொண்ணு கருவாட்டு வாசனைக்கே மூக்கைப் பொத்தும் என்று அவன் அம்மா. ஒருவழியாக, விஜயதசமி அன்று சாயங்காலம் வந்து பெண் கேட்பது என்று முடிவானது. ஆனால் ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், இரண்டு பக்கமும் கையை உதறிக்கொண்டு போய்விடும் என்று எனக்கும் அவனுக்கும் தெரியும்.

இதில் அவன் ஒரு பொய் வேறு சொல்லி வைத்திருந்தான். பெண் ரொம்ப அமைதி, கடையில் உட்கார்ந்து கணக்கு பார்க்கும், அதிர்ந்து பேசாது. ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "எங்க அம்மாவுக்கு எதிர்ல கத்துறவங்கள புடிக்காது. வேற இன்னா சொல்லச் சொல்ற?" என்றான். நான் அவனிடம் கத்தினேன்.

விஜயதசமி காலையில் நான் ஷெட்டைத் திறந்தேன். பூஜையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொட்டு வேலையைத் தொடங்க வேண்டும், வீட்டு வழக்கம். அப்பாவின் ஸ்கூட்டரில் ஒரு பக்கம் மெஷினை ஓட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தலை குளித்து, மாலைக்குத் தயாராகலாம் என்பது திட்டம். அப்போதுதான் அவன் போன் வந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அம்மா வருது."

"சாயங்காலந்தானே?"

"இப்போ. உன் ஷெட்டுக்கு. பொண்ணு கேக்கப் போற காரு அழுக்கா இருக்குன்னு பாலிஷ் போடணுமாம்."

"உங்க அம்மாவுக்கு வேற ஷெட்டே கெடைக்கலையா?"

"எல்லாம் பூட்டிக் கெடக்கு. யாரோ உன் ஷெட்டச் சொல்லியிருக்காங்க. கார நாந்தான் ஓட்டிட்டு வரேன், அபிஷேகப்பாக்கம் தாண்டிட்டோம், பொட்டிக்கடையில தண்ணி வாங்கற மாதிரி எறங்கிப் பேசறேன். தொப்பி போட்டுக்க. மாஸ்க் போட்டுக்க. வாய மட்டும் தொறக்காத."

போனை வைத்துவிட்டுத் தொப்பியைத் தேடி ஓடினேன். ஆனால் சிரிப்பாகவும் வந்தது. கண்ணாடியும் மாஸ்க்கும் தொப்பியும் மாட்டிக்கொண்டு நின்றபோது என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கார் வந்தது. வெள்ளைக் கார்தான், ஆனால் உப்புக் காற்றில் சுண்ணாம்பு அடித்த மாதிரி மங்கிப்போயிருந்தது. கதவுகளில் டிராக்டர் வாரியடித்த சேறு. டிக்கி மூடியில் காய்ந்த மீன் செதில்கள் ஒட்டிக்கொண்டு மின்னின. அதிலிருந்து அந்த அம்மா இறங்கினார். நல்ல உயரம். இரண்டு பக்கமும் மூக்குத்தி. காலையிலேயே கரைக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்தார். ஈர முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார்.

"சாயங்காலம் ஒரு நல்ல காரியத்துக்குப் போவணும்மா. மூஞ்சி தெரியணும் இந்த வண்டியில," என்றார்.

நான் தலையை ஆட்டினேன். கழுவினேன். செதில்களை ஊறவைத்து எடுத்தேன். ஓரங்களுக்கு டேப் ஒட்டினேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் நான் தலையை மட்டுமே ஆட்டினேன்.

"இன்னாபா, ஊமப் பொண்ணா?" என்று மகனிடம் கேட்டார்.

"கம்மியாப் பேசும்மா," என்றான் அவன். மாஸ்க்குக்குள் நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பழைய பேடை மாட்டி ஒரு மூலையில் ஓட்டிப் பார்த்தேன். அருமையாக வந்தது. இந்தக் காருக்குப் புதுப் பேடுதான் போட வேண்டும் என்று ஆசை. என்னைப் பெண் கேட்க வருகிற கார் அல்லவா? பூஜைக்கென்று பிரித்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்த புதுப் பேடுகளிலிருந்து ஒன்றை எடுத்தேன். மாட்டுவதற்கு முன் பேடின் முகத்தைப் பார்ப்பது என் பழக்கம். அந்த நேரம் பார்த்து அவன் தன் அம்மாவுக்குப் பின்னால் நின்று, பிரமாதம் என்பது போல விரலை வளையமாக மடக்கிக் காட்டினான். நான் பேடைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தேன். காம்பவுண்டைப் பானட் மேலேயே சொட்டுச் சொட்டாக விட்டு மெஷினை வைத்து ஓட்டினேன்.

முதலில் பானட் மஞ்சளானது. பிறகு ஆரஞ்சானது. பிறகு ஆரத்தித் தட்டைக் கவிழ்த்த மாதிரி பாதி பானட் செக்கச்செவேல் என்று ஆகி, முன் கண்ணாடியிலும் புள்ளி புள்ளியாகத் தெறித்தது.

மெஷினை நிறுத்திப் புரட்டிப் பார்த்தேன். பேடின் நடுவில் ஒரு பெரிய சிவந்த வட்டம். ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் அம்மாவின் கையிலிருந்து எதுவும் தப்பாது. தராசு, கால்குலேட்டர், மிக்சி, கடைப் பூட்டு, அப்பாவின் கண்ணாடிக் கூடு வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. மெஷினில் இருந்ததை நான் காலையில் துடைத்துவிட்டேன். பேடுக்குமா வைப்பாள் என்று தோன்றவில்லை. வைத்திருந்தாள், ஒன்று விடாமல்.

"இன்னாமா, காருக்கு மஞ்சத்தண்ணி ஊத்திட்டியா?" என்றபடி அந்த அம்மா எழுந்து வந்தார். நான் ஸ்பிரிட் பாட்டிலைத் தேடினேன். அதற்குள் அவர் இடுப்பிலிருந்த முந்தானையை உருவி, பந்தாகச் சுருட்டி, பானட்டைத் தேய்க்கக் கையை ஓங்கிவிட்டார். கரை மணல் அந்த முந்தானையில் பொடிப்பொடியாக மின்னுவதை நான் பார்த்தேன்.

நான் போய் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"கைய எடுங்க. அந்த முந்தானையில எவ்ளோ மண்ணு இருக்கு பாத்தீங்களா? ஒரு இழுப்பு இழுத்தீங்கன்னா பெயிண்ட் நாசமாப் பூடும். குங்குமம் தொடச்சாப் பூடும், கீறல் இன்னா பண்ணாலும் அப்பிடியேதான் நிக்கும். காரு உங்களுதுதான், இல்லேங்கல. இந்த ஷெட்ல நிக்கிற வரைக்கும் என் பொறுப்பு. போயி உக்காருங்க."

சொல்லி முடித்தபோது மாஸ்க் தாடைக்கு வந்திருந்தது. அவன் தலையில் கைவைத்துச் சுவரோரம் குந்திவிட்டான்.

அந்த அம்மா தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏலத்தையே அடக்குகிற மனுஷி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கார் என்ன தப்பு செய்தது? ஸ்பிரிட் போட்டுச் சிவப்பைத் துடைத்தேன். பானட்டைத் திரும்பக் கழுவினேன். பழைய பேடுகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, முகத்தைப் பார்த்து, மறுபடி பார்த்து, ஒவ்வொரு கதவாக முடித்தேன். அழுகை வந்தது. பாழாய்ப்போன டியூப் லைட் பானட்டுக்குள் தெரிந்ததும் வழக்கம்போலச் சிரிப்பும் வந்தது. அந்த அம்மா குனிந்து காரில் தன் முகத்தைப் பார்த்தார். மூக்குத்தியைத் திருகிச் சரி செய்துகொண்டார்.

"நல்லாருக்கு," என்றார். ஏறிப் போய்விட்டார். அவன் துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவன் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தபடியே காரை எடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்தேன். "யாரும்மா பேடுக்கெல்லாம் பொட்டு வெக்கச் சொன்னது?"

"தொழில் பண்ற சாமான்டி. வெக்காம வுடலாமா?"

தலை குளித்தேன். பட்டுப்புடவை கட்டினேன். நகத்துக்குள் இருந்த சிவப்பு மட்டும் போகவில்லை.

அவர்கள் வரமாட்டார்கள் என்றே நினைத்தேன். வந்தார்கள். வாசலில் கார் நின்றதும் அப்பா ஜன்னலோரம் போய் நின்றார். "இன்னாமா மின்னுது பாரு காரு. யாரு பாலிஷ் போட்டாங்கன்னு கேக்கணும்," என்றார். நான் உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

காப்பித் தட்டோடு கூடத்துக்குப் போனேன். தலையை நிமிர்த்தவில்லை. அந்த அம்மா ஒரு டம்ளரை எடுக்கக் கையை நீட்டியவர், அப்படியே நிறுத்தினார். என் விரல் நகங்களைப் பார்த்தார். பிறகு முகத்தை.

"இந்தப் பொண்ணு காலையில என் கையத் தட்டி வுட்டுது," என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா சாமிப் படத்தைப் பார்த்தாள். அவன் மிக்சர் தட்டைப் பார்த்தான். அந்த அம்மா ஷெட்டில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், சிவந்த பானட், முந்தானை, போயி உக்காருங்க வரைக்கும். அப்பாவின் முகம் இறங்கிக்கொண்டே போனது.

"எங்க கரையில என் கையத் தடுக்க ஆளு கெடயாதுங்க," என்றார் அந்த அம்மா. "நான் எடுத்தா எடுத்தது, தொட்டாத் தொட்டது. இது யாருன்னு தெரியாத ஒரு காரு கழுவுற பொண்ணு, என் பொருள எங்கிட்டருந்தே காப்பாத்துது. பையன் அமைதியான பொண்ணுன்னான். அவன நான் வூட்ல கவனிச்சிக்கறேன். எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்."

அப்பா தொண்டையைச் செருமினார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் தட்டை இறுக்கினேன். "அது கழுவுறது இல்லீங்க," என்றார் அப்பா. "பாலிஷு. ரெண்டும் வேற."

என் அப்பாவா இது என்று இருந்தது. கையில் தட்டு இல்லாவிட்டால் அங்கேயே குதித்திருப்பேன்.

வெற்றிலைத் தட்டு மாற்றி, எல்லோரும் வாசலுக்கு வந்தோம். வெயில் சாய்ந்து தெரு முழுக்கக் காருக்குள் தெரிந்தது. பானட்டும் பக்கவாட்டும் சேர்கிற இடுக்கில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு நின்றிருந்தது. எனக்கு உறுத்தியது. அந்த அம்மாவும் அதைப் பார்த்துவிட்டார். முந்தானையைக் கையில் எடுத்துச் சுருட்டினார். இப்போது பட்டு முந்தானை. பானட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

"இப்போ தொடலாமா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தலையை ஆட்டியிருக்கலாம். ஆனால் அதில் ஜரிகை இருந்தது.

"வேணாம் அத்தே. மைக்ரோஃபைபர் துணி எடுத்தாறேன், இருங்க," என்றேன்.

அத்தே என்று சொல்லிவிட்டேன் என்பது, அவர் தெரு அதிரச் சிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.