கறுப்பு வெள்ளைக் கரடி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் ஜோகுபாளையத்து வாடகை வீட்டுக்கு ஒரு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. மாற்றலாகிப் போன யாரோ ஒருவர் பயன்படுத்தியதை என் கணவர் ஆசையாக வாங்கி வந்திருந்தார். சந்தாபுராவில் இருந்த என் அண்ணன் அதைக் கேள்விப்பட்டதும், "பழைய பெட்டியில கலரு நிக்காது மாப்பிள்ளை, சீக்கிரமே சாயம் போயிடும்" என்றார், ஏதோ மலிவு விலைச் சேலையைப் பற்றிப் பேசுவதுபோல. பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திரங்களோடு வேலை பார்க்கும் மனிதரிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு காலையே அண்ணனுக்கு அழைப்பு போயிற்று. சிற்றுண்டி வெறும் சாக்கு. அன்று பரிமாறவிருந்தது வண்ணம்.

அண்ணன் வந்தபோது எங்கள் மகள் கார்ட்டூன் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டிக்கடை நடத்தும் கரடிக் குடும்பத்தின் கதை. என் கணவர் அவரை நாற்காலியில் அமர்த்தி, "இப்போ பாருங்க மச்சான்" என்று கையை நீட்டினார். அந்தக் கணத்தில் திரை கறுப்பு வெள்ளையானது. பேச்சும் நின்றுபோய் பியானோ மட்டும் ஒலித்தது. படமெங்கும் மழைபோல் கோடுகள்.

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கலரோட குரலும் போயிடுச்சே மாப்பிள்ளை."

"ஆன்டெனாதான். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணா சரியாயிடும்" என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு என் கணவர் மொட்டைமாடிக்கு ஓடினார்.

அதன் பிறகுதான் மகள் என் முந்தானையை இழுத்தாள். "டிவிக்கு ஒண்ணும் ஆகலம்மா. கதையில கரடி வீட்டுப் பரண்ல பழைய பிலிம் டப்பா கெடச்சுது. கரடியோட தாத்தா நடிச்ச படமாம். அதைத்தான் எல்லாரும் போட்டுப் பாக்கறாங்க. அந்தக் காலத்துல பேச்சே கெடையாதாம்."

மேலிருந்து குரல் வந்தது. "வந்துச்சா?"

"இல்ல!" என்றார் சன்னலோரம் நின்ற அண்ணன்.

"இப்போ?"

"இருந்ததும் போச்சு மாப்பிள்ளை!"

அது உண்மைதான். ஒழுங்காக இருந்த ஆன்டெனாவைத் திருப்பியதில் கரடித் தாத்தா புள்ளிகளுக்குள் கரைந்துவிட்டார்.

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் பெட்டியின் மானம் பிழைக்கும். மாடியில் கம்பியைக் கட்டிக்கொண்டு நிற்பவரின் மானம் பிழைக்காது. என் அண்ணன் அதை ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் சொல்லிச் சிரிப்பார். மகளோ மாமாவின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். மென்று முடிக்க வெகுநேரம் பிடிக்கும் கோடுபளே முறுக்கு ஒன்றை அந்த வாயில் வைத்தேன்.

"என்னங்க, முன்ன இருந்த பக்கமே திருப்புங்க!" என்று குரல் கொடுத்தேன். அவர் திருப்பியதும், கரடிகளின் படச்சுருள் தீர்ந்ததும் ஒன்றாக நிகழ்ந்தன. சிவப்பு, மஞ்சள், பேச்சு எல்லாம் திரும்பி வந்தன.

கைகளில் துருவும் முகத்தில் பெருமிதமுமாக அவர் இறங்கி வந்தார். அண்ணன் காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, எங்க வீட்டுலயும் கலரு கொஞ்சம் மங்கலாத்தான் வருது. ஒரு நடை வந்து பாத்துடறீங்களா?"

"அதுக்கென்ன மச்சான், வந்தா போச்சு."

எந்த ஞாயிறு என்று இருவரும் பேசத் தொடங்கியபோது, கோடுபளேயை ஒருவழியாக விழுங்கிய மகள் என் காதருகே வந்து கவலையோடு கேட்டாள்:

"அன்னிக்கும் கரடித் தாத்தா வருவாராம்மா?"