கடலுக்குப் போன துணிக்கூடை

போன வாரம் கீழே காவலறையிலிருந்து போன் வந்தது. உங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய பார்சல் வந்து வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, எடுத்துப் போங்கள் என்றார்கள். செந்தூலில் இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து பார்சல் தூக்குவது என் வேலைதான். எங்கள் வீட்டுக்காரருக்கு முட்டிவலி. பார்சல் வருகிற நாளில் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும். மேலே கொண்டுவந்து கத்தரிக்கோலால் கிழித்தேன். புது ரப்பர் வாடை குப்பென்று அடித்தது. அந்த வாடை மூக்கில் ஏறினால் போதும், என் எரிச்சல் தானாகக் கிளம்பிவிடும்.

உள்ளே ஒரு மிதவை இருந்தது. ஆரஞ்சு நிற உறை, சுற்றிலும் கைப்பிடிகள், நடுவில் சாமான் வைக்க ஒரு பை, ஒரு குட்டிக் கொடி, சுருட்டி வைத்த கயிறு. மூச்சை அடக்கிக்கொண்டு கடலில் முழுகுகிறவர்கள் மேலே மிதக்கவிடும் சாமான் இது. அவர்கள் மேலே வந்து பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதும் இதில்தான், ஈட்டியையும் குத்திய மீனையும் மாட்டிவைப்பதும் இதில்தான். அதைவிட முக்கியமாக, கீழே ஓர் ஆள் இருக்கிறான், படகை விலக்கி ஓட்டு என்று மற்றவர்களுக்குச் சொல்வதும் இதுதான்.

இதை ஆர்டர் செய்தவர் யார் தெரியுமா? "காசு குடுத்துக் காத்த வாங்கணுமா? நானே செய்வேன் லா" என்று வருஷக்கணக்காக என் உயிரை வாங்கிய அதே மனிதர்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். நான் பக்கத்திலேயே ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். கொமுட்டர் ரயிலில் போய் கொமுட்டரில் வருவார். மற்ற வீட்டு ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை டிவியில் பந்து விளையாட்டுப் பார்த்தார்கள், தூங்கினார்கள். எனக்கு வாய்த்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்கடியில் போய் மீன் குத்தினார். பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்கு மீன் பிடிக்கிற பழக்கம் உண்டு என்று மட்டும்தான் சொன்னார்கள். நானும் தூண்டில் என்று நினைத்துக்கொண்டேன்.

கிள்ளான் பக்கத்துக் கடல் தேத்தண்ணி நிறம், உள்ளே விட்ட கை வெளியே தெரியாது. அதனால் போர்ட்டிக்சனைத் தாண்டிப் போய், மீன் குத்தத் தடையில்லாத ஒரு பாறைத்திட்டைப் பிடித்து வைத்திருந்தார். அங்கே மாணிக்கம் அண்ணன் என்று ஒருவர் சிறு படகு வாடகைக்கு ஓட்டினார். தனியாக முழுகக்கூடாது என்பது முழுகுகிறவர்களின் விதி. இவருடைய கூட்டாளி வேலை மாறி சிங்கப்பூருக்குப் போனதும் அந்தப் பதவி எனக்கு வந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. "நீ நீந்த வேணாம், பாத்துக்கிட்டு இருந்தா போதும்" என்றார். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மேலே வந்ததும் மிதவையைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்க வேண்டும். அந்தக் கை தெரிகிற வரைக்கும் நான் மூச்சு விட்டதே இல்லை. யோசித்துப் பார்த்தால் அந்த விளையாட்டில் அவரைவிட நன்றாக மூச்சடக்கியது நான்தான்.

அந்த மிதவையை அவரே செய்வார், அதுதான் கொடுமை. முதலில் தண்ணீர்க் குழாய்களைச் சதுரமாக வெட்டிப் பசை போட்டு ஒட்டினார். அந்தப் பசை வாடையில் என் சாம்பாரே எனக்கு மணக்கவில்லை. குளியலறைத் தொட்டியில் அழகாக மிதந்தது. கடலில் ஒரு மூலை ஒழுகி, சத்தம் போடாமல் கீழே போய்விட்டது.

அடுத்தது மீன்கடையில் கேட்டு வாங்கிய வெள்ளை நுரைப்பெட்டி. நடுக்கூடத்தில் உட்கார்ந்து அதை அறுத்தார். அந்த வெள்ளை உருண்டைகள் தீபாவளிக்கு வீடு துடைத்தபோதுகூட அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தன. அது போகட்டும். வெள்ளைப் பெட்டி வெள்ளை அலைக்கு நடுவே யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஒரு வேகப்படகு அதன் மேலேயே ஏறிப் போனது. இவர் அப்போது கீழே இருந்தார். நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்தவர், மிதந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "மெட்டீரியல் சரியில்ல" என்றார். சரியில்லாதது மெட்டீரியலாம்! அன்றைக்குப் பஸ்ஸும் கொமுட்டருமாக வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

"வாங்கித் தொலைங்களேன், கடையில விக்குது" என்று அழாத குறையாகச் சொன்னேன். அதற்குப் பதிலாக வந்ததுதான் மூன்றாவது மிதவை. நீல நிற சமையல் எண்ணெய்த் தோங், அந்தப் பிளாஸ்டிக் பீப்பாய்தான், மேலே ஒரு குச்சி, குச்சியில் ஒரு கந்தல். இது நன்றாகத் தெரிந்தது, அதிலேதான் வினை. அந்தப் பக்கத்து மீனவர்கள் வலை போட்ட இடத்துக்கு அடையாளமாக மிதக்கவிடுவதும் அதே மாதிரி எண்ணெய்த் தோங், அதே மாதிரி குச்சி, அதே மாதிரி கந்தல். மீனவப் பெரியவர் ஒருவர் படகில் வந்தார், தன்னுடைய வலை என்று நினைத்துத் தோங்கைத் தூக்கிப் படகில் போட்டார், கயிற்றை இழுக்க ஆரம்பித்தார். கயிற்றின் மறுமுனை இவருடைய இடுப்பில். கண்ணாடியும் கறுப்பு உடுப்புமாக இவர் மேலே வந்து கத்தினார். பெரியவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, இது என்ன மீன் என்று மலாயில் கேட்டார். மாணிக்கம் அண்ணன் படகில் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கிடையே என் வீட்டில் பொருட்கள் காணாமல் போக ஆரம்பித்திருந்தன. துணி காயப்போடுகிற கயிறு ஒருநாள் இல்லை. குக்கருக்கு என்று வாங்கிவைத்த ரப்பர் வளையம் இல்லை. மோப் இருக்கும், அதன் கம்பு இருக்காது. தீபாவளிச் சேலைக்குத் தைக்கக் கொடுக்க வைத்திருந்த சிவப்பு ரவிக்கைத் துணியைப் பீரோ முழுக்கத் தேடினேன். கடைசியில் என் துணிக்கூடையும் போனது. அழுக்குத்துணியெல்லாம் தரையில் கொட்டிக் கிடந்தது.

பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். டயர் கடையில் வாங்கிய லோரி டியூப் ஒன்றுக்குக் காற்றடித்து, அதன் நடுவில் என் துணிக்கூடையை இறக்கிக் கட்டியிருந்தார், துணிக்கயிற்றால். குக்கர் ரப்பர் வளையம் இறுக்கிப் பிடிக்க, மோப் கம்பு கொடிக்கம்பமாக நின்றது. அடியில் ஈயக்கட்டி தொங்கியது, கம்பம் சாயாமல் இருக்க. உச்சியில் என் ரவிக்கைத் துணி, முழுகுகிறவர்களின் கொடி மாதிரி குறுக்கே வெள்ளைப் பட்டை வைத்து, நான் தைத்திருந்தால்கூட அவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது.

"எப்படி?" என்றார், முகமெல்லாம் பல்லாக.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் கத்தினேன். ரவிக்கையில் ஆரம்பித்து, பெண் பார்க்க வந்த நாள் வரைக்கும் போய்த் திரும்பினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே டியூபில் காற்று ஒழுகுகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நானே ஓய்ந்துபோய், "சரி, புது மோட்டார் எடுத்தா பூசை போடறோம்ல? உங்க உசுரு இதுலதான தொங்குது, இதுக்கும் பூசை போடணும்" என்றேன். அது வேண்டுதல் இல்லை, பழிவாங்கல்தான். பிரிக்பீல்ட்ஸ் தெருவில் அதைத் தோளில் சுமந்துகொண்டு கோயிலுக்கு நடக்கட்டும் என்று நினைத்தேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படாமல் நடந்தார்.

குருக்கள் தட்டோடு வந்து வாசலை எட்டிப் பார்த்தார்.

"வண்டி எங்கம்மா?"

"இதாங்க சாமி."

"எத்தன சக்கரம்?"

"ஒன்னுதான் சாமி. படுத்த வாக்குல இருக்கு" என்றார் இவர்.

குருக்கள் அதற்குமேல் கேட்கவில்லை. டியூபுக்கு விபூதி, குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டுமே என்று இவர் டியூபின் மேல் ஏறி உட்கார்ந்தார். மிஞ்சிய பழங்களைக் கூடையில் போட்டு, கொடிக்கம்பில் ஒரு சாமந்தி மாலையையும் கட்டிக் கொடுத்தார்கள். மாலையைக் கழற்றப் போனவரை நான் விடவில்லை. "மீனு பயந்து ஓடும்" என்றார். "ஓடட்டும்" என்றேன்.

அப்படியே கடலுக்குப் போனது. மாணிக்கம் அண்ணன் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டார். இவர் மிதவையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார், பிறகு முழுகினார். சிவப்புக் கொடி, மஞ்சள் மாலை, கூடையில் எலுமிச்சம்பழம், அலையில் ஆடிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வேகப்படகு, அதில் நம் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், காது கிழிகிற பாட்டு. நேராக மிதவையைப் பார்த்து வந்தது.

நான் எழுந்து நின்று கத்தினேன். மாணிக்கம் அண்ணன் சட்டையைக் கழற்றி ஆட்டினார். பாட்டுச் சத்தத்தில் அவர்களுக்கு எது கேட்கும்? வெள்ளைப்பெட்டி சிதறியது என் கண்முன் வந்து நின்றது. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டேன், அதை ஏன் பிடித்தேன் என்றுகூடத் தெரியாமல்.

திடீரென்று பாட்டு நின்றது. படகின் வேகம் குறைந்தது. அது மிதவையை விட்டு நன்றாக விலகி, அகலமாக ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் பக்கம் மெதுவாக வந்தது. தொப்பி போட்டிருந்தவன் தொப்பியைக் கழற்றினான். எல்லாரும் மிதவையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருவன் தணிந்த குரலில் கேட்டான்.

"சாரிக்கா, தெரியாம சத்தமா வந்துட்டோம். யாருக்கா?"

மிதவையைக் கை காட்டினேன். "எங்க வீட்டுக்காரர்" என்று மட்டும் வந்தது.

"ஐயோ, பாவம்கா" என்றான் அவன்.

அந்த நேரம் பார்த்து மாலைக்குப் பக்கத்தில் தண்ணீர் பிளந்தது. கறுப்புத் தலை, கண்ணாடி, கையில் ஈட்டி, ஈட்டியில் துடிக்கிற மீன். நிபந்தனைப்படி மிதவையைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்காக என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். படகில் இருந்த ஒருவன் "அம்மா!" என்று அலறிக் கீழே உட்கார்ந்துவிட்டான். அவர்கள் போன வேகத்தில் எங்கள் படகு அரை நிமிஷம் ஆடியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சாம்பல் கரைக்க வந்தவர்கள் கடலில் விட்டது என்று நினைத்திருக்கிறார்கள். உயிரோடிருக்கிற மனிதருக்கு, நான் பார்க்கப் பார்க்க, கருமாதி மரியாதை செய்துவிட்டுப் போகிறார்கள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடு அழுகையும் வந்தது, ஏனென்றால் மாலை மட்டும் இல்லையென்றால் அவர்கள் விலகியிருக்க மாட்டார்கள். நான் பழிவாங்கக் கட்டவைத்த மாலை. படகில் ஏறியவரிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்?

"பாத்தியா? டிசைன் அப்படி."

அதற்குப் பிறகு மாலை இல்லாமல் அவர் கடலுக்குப் போனதே இல்லை. ஞாயிறு காலையில் நான்தான் போய் வாங்கிவர வேண்டும். "அடிக்கடி வாங்குறீங்களே, வீட்டுல என்ன விசேசம்?" என்று பூக்கடை அக்கா கேட்டால், "அவரு கடலுக்குப் போறாரு" என்பேன். அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வையே ஒரு மாதிரி இருக்கும். வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டே வாங்கினேன், திட்டிக்கொண்டே படகில் உட்கார்ந்தேன். இந்தக் கடல் பைத்தியம் தெளிந்தால் போதும் என்று வேண்டாத சாமி இல்லை.

தெளியவில்லை, காதுதான் போனது. இடது காதில் சவ்வு கிழிந்து, தைத்து, மறுபடி கிழிந்து, இனிமேல் ஓர் அடிகூட முழுகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேண்டுதல் பலித்தது என்று அன்றைக்கு நான் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். அவர் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

பிறகு பிரிக்பீல்ட்ஸ் வீட்டை இடித்தார்கள், அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள். பூக்கடை அக்கா எங்கே போனார் என்று தெரியவில்லை. வீடு மாறியபோது லோரி டியூப் வெடித்துப் பொடிந்திருந்தது. வேலையாட்கள் கூடையோடு சேர்த்துக் குப்பையில் போட்டார்கள். நான்தான் போடச் சொன்னேன்.

சரி, பார்சலுக்கு வருகிறேன். "இது எதுக்கு இப்ப?" என்று அவருடைய வலது காதுப் பக்கம் போய்க் கேட்டேன்.

"முழுகத்தான கூடாதுன்னாங்க. மேல புடிச்சிக்கிட்டு மெதக்கறதுக்கு ஒன்னும் சொல்லல" என்றார்.

"அத ஏன் கடையில வாங்குனீங்க?"

"இனிமே யாரு செய்யறது, விடு" என்றார்.

வாங்கச் சொல்லி எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்? இப்போது வாங்கிவிட்டார், எனக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. அவர் மிதவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குட்டிக் கொடியை விரலால் சுண்டிவிட்டு, "கம்பு ரொம்பக் குட்ட. அலையில தெரியாது" என்று முணுமுணுத்தார். அவருடைய கண் சமையலறைப் பக்கம் போனது. அங்கே சுவரோரம் புது மோப் நின்றது. துணிக்கூடை அதன் இடத்தில் இருந்தது. துணிக்கயிறு இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாமே வைத்த இடத்தில் வைத்தபடிதான் இருக்கின்றன.

நான் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். போகிற போக்கில் மோப்பை அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில், நாற்காலியோரம் சாய்த்துவைத்துவிட்டுப் போனேன். வேண்டுமென்றே மெதுவாக நடந்து, தேவையில்லாத சாமானெல்லாம் வாங்கி, நன்றாக நேரமாக்கிவிட்டுத் திரும்பினேன். கதவைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன்.

மோப் சாய்த்து வைத்த இடத்திலேயே இருந்தது, கம்போடு.