ஏலத்தோட்டத்துக்குப் போன மாத்திரை

நான்கு வருடங்களுக்கு முன்பு, உத்தமபாளையம் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தேன். செவ்வாய்க்கிழமை சர்க்கரை, பிரஷர் பார்க்கும் நாள். ஒன்பது மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிடும். அட்டையை வாங்க வேண்டும், விரலில் குத்த வேண்டும், மாத்திரையைக் கொடுத்து அனுப்ப வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது.

மாதம் தவறாமல் ஒரு அம்மா வருவார். ஐம்பது வயதிருக்கும். தினமும் ஜீப்பில் மலையேறி, கேரளா பக்கத்து ஏலத்தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிறவர். அவருக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று நானே முடிவு செய்து, எல்லோர் முன்னாலும் ஒருநாள் சத்தம் போட்டேன். டாக்டர் அளவைக் கூட்டி எழுதினார். "காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும், ஒருநாள்கூட விடக் கூடாது" என்றேன்.

அடுத்த மாதம் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷம். "வேலை செய்றப்ப கை நடுங்குது சிஸ்டர், வேர்த்து ஊத்துது" என்றார். "புது அளவு, போகப் போகப் பழகிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டைக்குக் கை நீட்டினேன்.

இரண்டு வாரத்தில், நெற்றியில் கட்டுடன் வந்து நின்றார். தோட்டத்துச் சரிவில் மயங்கி உருண்டிருக்கிறார். ஒரு மரம் தடுத்திருக்கிறது.

"முழிச்சதும் கூட இருந்தவுக பாலில்லாத கட்டஞ்சாயாவுல சீனிய அள்ளிப் போட்டுக் குடிக்க வச்சாக. அப்பறந்தான் கண்ணு தெரிஞ்சுச்சு" என்றார். பிறகு, "நீங்க சொன்ன மாதிரி ஒருநாள்கூட விடாமத்தான் போட்டேன் சிஸ்டர்" என்றார். அதில் கோபமே இல்லை. எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன், காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று.

"அஞ்சு மணிக்கு மாத்திரை போட்டுட்டு ஜீப் ஏறிருவேன். அங்கன போயி, பத்தரைக்கு மேலதான் தூக்குவாளியத் திறப்போம்."

மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஐந்தரை மணி நேரம், அதுவும் மலைச்சரிவில் வேலை. சர்க்கரை ஒரேயடியாக இறங்கித்தான் மயங்கியிருக்கிறார். டாக்டரிடம் நானே அழைத்துப் போய், நான் கேட்காமல் விட்டதையும் சொன்னேன். அவர் வேறு மாத்திரை எழுதி, தோட்டத்தில் சாப்பிடும்போது போடச் சொன்னார். நடுக்கம் நின்றது. நான்கைந்து மாதங்களில் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது.

இப்போது வேறு ஊரில் வேலை. யார் வந்தாலும் எப்போது எழுந்திருக்கிறார்கள், எப்போது சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுக்கிறேன். வரிசையில் முணுமுணுப்பார்கள், கண்டுகொள்வதில்லை. அந்த அம்மாவிடம் அன்றே இதைக் கேட்டிருந்தால் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.