அளவுக்கம்பில் வாளைமீன்

ரயில் ஸ்டேஷனைச் சுற்றி அடுக்குமாடிகளும் கடைகளும் வரப்போகின்றன என்று, இன்று காலை என் மூன்று மாடிக் கட்டடத்து வாசலில் அளவுக்கம்பு நட்டுப் போனார்கள். காயாத சிவப்புப் பெயின்ட் வாசனை என்னை எழுபதுகளுக்கு இழுத்தது.

அன்று இதே இடத்தில் எங்கள் ஓலைக்குடிசை. பஸ் ஸ்டாண்டு கட்ட அளந்தவர்கள் இதேபோல் சிவப்பு அடித்து நட்டுப்போன கம்புகளில், பாசஞ்சர் வண்டியின் கரிப்புகையும் உப்புக்காற்றும் படப்பட, அம்மா கயிறு கட்டி வாளைமீனைக் கருவாட்டுக்குத் தொங்கவிட்டாள்.

“சர்க்காரே கம்பு நட்டுத் தந்திருக்கு, ஏளா,” என்று பக்கத்து வீட்டு மரியம்மாவிடம் சிரித்தாள்.

மீன் காய்வதற்குள் குடிசையைப் பிரித்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு வரவேயில்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் அதே மண்ணை வாங்கிக் கட்டினேன். இந்த ஊரில் வேறு எவன் செய்தான்?

இப்போது இதுவும் போகுமாம். வருத்தம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. வாசல் கம்பில் மருமகள் ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தாள். எடுக்கச் சொல்லவில்லை.