சாட்சி சொல்ல ஒரு பகல் ரயில்: சிட்னியிலிருந்து மெல்பர்ன், 1971

சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு ரயிலில் போகலாமா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். நான் முதலில் அப்படிப் போனது 1971 ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை. ஊர் பார்க்க அல்ல, நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல.

அப்போது நான் திருநெல்வேலியிலிருந்து உதவித்தொகையில் வந்து சிட்னியில் ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவன். யாழ்ப்பாணத்து நண்பர் ராசரத்தினம் மெல்பர்னில் பொறியியல் படித்தார். மே விடுமுறையில் அவர் அறையில் தங்கியிருந்தபோது, வியட்நாம் போரை எதிர்த்து நடந்த ஒரு ஊர்வலத்தை இருவரும் தெருவோரம் நின்று பார்த்தோம். கூட்டத்தைத் தடுத்தபடியே பின்னால் நகர்ந்த காவலர் ஒருவர் டிராம் தண்டவாளத்தில் கால் இடறி விழுந்தார். அவருக்கு மிக அருகில் நின்றவர் ராசரத்தினம். அவர் உதைத்துத் தள்ளியதாகச் சொல்லி, விழுந்தவரும் இன்னொரு காவலரும் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வெளிநாட்டு மாணவன் காவலரைத் தாக்கினான் என்று மறுநாள் செய்தித்தாளில் வந்தது. பார்த்துக்கொண்டு நின்ற எங்களில் ஒருவரைக்கூட நிருபர் கேட்கவில்லை.

இதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. போர் முடியப்போகிறது என்று அமெரிக்க ஜனாதிபதி சொல்வார். அதே பக்கத்தில் கீழே, அன்று போட்ட குண்டுகளைப் பற்றிய செய்தி இருக்கும். தாள்கள் இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும்.

நான் சாட்சி சொல்லப் போவது தெரிந்ததும், வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "நீங்கள் இந்த நாட்டின் விருந்தினர். விருந்தினர்கள் இதிலெல்லாம் தலையிட மாட்டார்கள்," என்றார் இனிமையாக. உதவித்தொகையை நிறுத்துவேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது. ஆனால் குற்றம் உறுதியானால் ராசரத்தினத்தை நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். அன்றே பயணச்சீட்டு எடுத்தேன்.

ரயில் காலை எட்டு மணிக்குக் கிளம்பியது. அறுநூறு மைல், பதின்மூன்று மணி நேரம். கோல்பர்னைத் தாண்டியதும் புல்வெளியெங்கும் உறைபனி வெளுத்துக் கிடந்தது. எதிர் இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அமெரிக்கர் ஒருவர். ஆல்பரியில் விவசாய இயந்திரம் விற்கும் கடையில் வேலைக்குச் சேரப் போகிறாராம். நான் எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். ராசரத்தினத்துக்கு எதிராக இரண்டு காவலர்கள் சாட்சி சொல்லப்போவதையும் சொன்னேன்.

வழியில் ஜுனீ நிலையத்தில் தேநீருக்கு இறங்கி ஏறிய பிறகுதான் பேசினார். (ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.)

"நான் அமெரிக்காவில் பன்னிரண்டு வருஷம் போலீஸ்காரனாக இருந்தேன். எந்த ஊர் என்று கேட்காதே. ஒரு கோடைகாலத்தில் உன்னைப் போன்ற பையன்களை அடித்தேன். மறுநாள் தாளில் வந்தது முழுக்க நாங்கள் சொல்லிக்கொடுத்தது. எங்களைப் பாராட்டிய அரசியல்வாதி அதைக் காட்டியே ஓட்டுக் கேட்டான்."

"நீங்கள் எல்லோரும் ஒரே பொய்யைச் சொன்னீர்களா?"

"பொய்யை நினைவில் வைத்துக்கொள்வது கஷ்டம். அதனால் ஒன்றாக உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுவோம். உன் வக்கீலை இரண்டு காவலர்களையும் தனித்தனியாகக் கேட்கச் சொல். என்ன எழுதினாய் என்று மட்டும் கேட்டால் போதாது. எங்கே உட்கார்ந்து எழுதினாய், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும்."

இதையும் நான் அப்படியே நம்பிவிடவில்லை. அடித்தவர் தன் மனச்சுமையை இறக்கிவைக்க ஆள் தேடியிருக்கலாம். இருந்தாலும், அவர் ஆல்பரியில் இறங்கியதும் அந்தக் கேள்விகளைத் தாளில் குறித்துக்கொண்டேன். மறுநாள் காலை ராசரத்தினத்தின் வக்கீலிடம் கொடுத்தேன்.

சாட்சிகள் முறை வரும்வரை உள்ளே இருக்கக் கூடாது. பத்து மணியிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். பார்த்ததைச் சொன்னேன். அரசுத் தரப்பு வக்கீல் கேட்டார்: "நீங்கள் இந்தப் போருக்கு எதிரானவர்தானே?"

"ஆமாம். ஆனால் அந்தக் காவலர் தண்டவாளத்தில் இடறியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை," என்றேன்.

இரண்டு மணிக்கு வழக்கு தள்ளுபடியானது. நான் வருவதற்கு முன்னால் உள்ளே நடந்ததை ராசரத்தினம் வாசலில் நின்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"ரெண்டு பேரின்ர புத்தகத்திலயும் ஒரே நாலு வசனம், ஒரு சொல் பிசகேல்ல. முதலாவது ஆள், ரோட்டில நிண்டு தனியத்தான் எழுதினனான் எண்டான். மற்றவன், ஸ்டேஷன்ல ரெண்டு பேரும் ஒண்டா இருந்து எழுதினனாங்கள் எண்டிட்டான்! அதோட நீங்கள் தண்டவாளத்தைச் சொன்னது..." என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேப்பர்காரங்க யாராவது உள்ள இருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"ஓம், காலமை ஒருத்தன் இருந்தவன். சாப்பாட்டு நேரத்தோட எழும்பிப் போயிட்டான்."

நேராகச் செய்தித்தாள் அலுவலகத்துக்குப் போனோம். ஆசிரியர் வேலையாக இருக்கிறார் என்றார்கள். காத்திருந்தோம். கடிதம் எழுதிப் போடுங்கள் என்றார்கள். அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தோம். ஐந்தேகாலுக்கு ஒரு துணையாசிரியர் வந்து தீர்ப்பின் விவரத்தைக் குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை, குதிரைப் பந்தயப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் மூன்று வரி வந்தது. ராசரத்தினத்தின் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை. அதை வெட்டி யாழ்ப்பாணத்திலிருந்த தகப்பனாருக்கு அனுப்பினார். ராசரத்தினம் படிப்பை முடித்துத்தான் ஊர் திரும்பினார். என் உதவித்தொகையும் நிற்கவில்லை. அந்த அதிகாரி பிறகு என்னைக் கூப்பிடவேயில்லை.

இப்போது போகிறவர்களுக்கு: பயணம் ஏறக்குறைய பதினோரு மணி நேரம்தான். பகல் வண்டியில் போங்கள், ஜன்னலோர இருக்கை கேளுங்கள், குளிர்காலமானால் கம்பளிச் சட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், அதுவும் சரிதான். ஆனால் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்று எங்காவது தவறாக அச்சாகியிருந்தால், எதில் போவது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். கிடைக்கிற வண்டியில் ஏறுங்கள்.