திரும்பாத அம்பு

"இருபத்தாறு வருஷமா ஒரு அம்பைக்கூட நான் திருப்பிப் போட்டதில்ல" என்று டெஸ்மண்ட் ட்ரெவின் ஆசிரியர் அறையில் முழங்குவார். பெண்டிகோ நகருக்கு வடக்கே எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் அவருடைய சாம்ராஜ்யம். பக்கத்து வகுப்பில் புவியியல் நடத்திய பாவத்துக்கு நான் அதன் எல்லைக்குடிமகன்.

ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை பேர் மாறுவார்கள் என்று கணிக்கும் நிலைமாற்று அணி (மேட்ரிக்ஸ்) என்றால் அவருக்குச் சாமி வந்துவிடும். இரண்டு வட்டம், நான்கு அம்பு, அம்புக்கு ஒரு பின்னம். விக்டோரியா மாநிலப் பாடத்திட்டத்தில், கட்டத்தின் தலைப்பிலிருந்து (முந்தைய நிலை) கிளம்பிப் பக்கவாட்டில் (அடுத்த நிலை) போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு நெடுவரிசையும் கூட்டினால் ஒன்று. "பக்கவாட்டிலேர்ந்து கிளம்புறவனுக்கு ஓட்டுநர் உரிமம் குடுக்கக் கூடாது" என்பார்.

பருவத்தின் கடைசி வெள்ளிக்கு முந்தைய வாரம், கேன்டீன் நடத்தும் ப்ரான்வென் ஹாஸ்லம் ஒரு தாளோடு வந்தாள். வாங்கிய பை, அதாவது இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம், மீந்துபோகிறது, இல்லையென்றால் பற்றாமல் போகிறது. இன்னொரு வெள்ளி கணக்குத் தப்பினால் கேன்டீனை மூடித் தின்பண்டம் விற்கும் இயந்திரம் வைப்பதாகத் துணைத் தலைமையாசிரியர் மார்ட்டின் கியோ சொல்லிவிட்டார். போன வெள்ளி பை சாப்பிட்டவர்களில் எத்தனை பேர் இந்த வெள்ளி சாலட் ரோலுக்குத் தாவினார்கள், சாலட் ரோலிலிருந்து எத்தனை பேர் பைக்குத் திரும்பினார்கள் என்று இருநூறு பிள்ளைகளையும் கேட்டுக் கட்டம் போட்டிருந்தாள். பக்கவாட்டில் 'போன வாரம்', தலைப்பில் 'இந்த வாரம்'.

ட்ரெவின் எழுத்துகளைப் படிக்கவில்லை. எண்கள் போதும் அவருக்கு. ஒவ்வொரு நெடுவரிசையும் கூட்டினால் ஒன்று வரும்படி வகுத்தார், அந்தத் தாளிலேயே பென்சிலால் இரண்டு வட்டம் போட்டு அம்பு வரைந்தார், பெருக்கினார்.

"அடுத்த வெள்ளிக்கு எண்பத்தி நாலு பை. எழுதிக்கோ."

"டெஸ், இந்த வாரம் பை நெறைய போன மாதிரி இருந்துச்சே..."

"ப்ரான், 'மாதிரி இருந்துச்சு'க்கு அணியில கட்டம் கெடயாது."

எனக்குப் புரியாத விஷயம் என்பதால் நானும் மரியாதையாகத் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை எண்பத்து நாலாவது பை ஏழு நிமிடத்தில் தீர்ந்தது. வரிசை கூடைப்பந்துத் திடல்வரை நின்றது. சாலட் ரோல்கள் கண்ணாடிக்குள் வாடிக் கிடந்தன. கியோ வந்து நின்றார்.

"ப்ரான், யார் எண்ணினது?"

"நான்தான்" என்றாள் அவள். ட்ரெவினைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அவர் வரிசையில்தான் இருந்தார், கணிதமேதைக்கும் பசிக்குமல்லவா. முன்னால் வந்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்தக் கட்டத் தாளைக் கழற்றினார். முதல்முறையாகத் தலைப்பைப் படித்தார். பிறகு பக்கவாட்டை. தலைப்பிலிருந்த 'இந்த வாரம்' என்பதைப் போன வாரமாக எடுத்துக்கொண்டு, தமக்குத் தெரிந்த ஒரே விதத்தில் காலத்தைப் பின்னோக்கி ஓட்டியிருந்தார் மனிதர். நூறிலிருந்து நூற்று முப்பதாக ஏறிய பையை நூற்று முப்பதிலிருந்து நூறாக இறக்கியிருந்தார்.

தாளின் ஓரத்தில் மறுபடி பெருக்கினார். நூற்று நாற்பத்தைந்து.

"அவ சரியாத்தான் எண்ணிருக்கா, மார்ட்டின்" என்றார் கியோவிடம், வகுப்பில் ஒருபோதும் கேட்டிராத தணிந்த குரலில். "கேன்டீனை மூடாத. தப்பு எங்கிட்ட."

கியோ தாளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "சரி, அடுத்த பருவமும் ப்ரானே நடத்தட்டும். ஆனா கணக்கும் அவளே போடட்டும்."

ட்ரெவின் சட்டைப் பையிலிருந்து அழிப்பானை எடுத்து, இரண்டு வட்டங்களுக்கு நடுவே இருந்த அம்புத் தலைகளை அழித்தார். துகளை ஊதிவிட்டு, மறுமுனைகளில் வரையத் தொடங்கினார்.