சிசிலியா அக்காவின் கல் டின்

சிசிலியா அக்கா இறந்த செய்தி எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. போட்டவர் குடியிருப்பாளர் குழுத் தலைவர். கூடவே மூன்று கும்பிடும் கைகள். அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுங்கள் என்கிறார்கள். அக்காவைப் பற்றி நல்லது மட்டும்தான் இருக்கிறது. கெட்டது எங்களைப் பற்றியது.

போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் பதினாறு வருடம் அக்காவும் நானும் ஒரே ஷிப்ட். பிறகு கிள்ளானில் அடுத்தடுத்த வீடு. அவருடைய ஏழு கோழிகளும் பின்சந்தில்தான் மேயும், அங்கேயே மண்ணில் கல் பொறுக்கும். சந்து முழுக்க சிமெண்ட் போடத் தலைவர் கூட்டம் போட்டபோது, ஒரு முழம் மண்ணாவது விடுங்கள் என்று அக்கா கேட்டார்.

"கோழிக்குப் பல்லா இருக்கு, கல்லைக் கடிக்க?" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

"பல்லு இல்லாததுனாலதான் தலைவரே கல்லு திங்குது," என்றார் அக்கா.

சிமெண்ட் போட்ட சமயம் அவர் கண் ஆபரேஷனுக்காக செந்தூலில் மகள் வீட்டில் இருந்தார். கோழிகளை என்னிடம் விட்டு, "கருங்கல் பொடி வாங்கிப் போடு தம்பி" என்று சொல்லிப் போனார். நான் கெராங் சிப்பி ஓட்டை இடித்துப் போட்டேன். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் நான்கு கோழிகள் இளைத்துச் செத்தன.

திரும்பி வந்த அக்கா, கடைசியாகச் செத்ததை என் முன்னால் அறுத்தார். தீனி அரைக்கும் பையில் ஒரு கல் இல்லை. புல் கயிறாகத் திரண்டு கிடந்தது. "சிப்பி கரைஞ்சு போயிரும் தம்பி. அது முட்டை ஓட்டுக்கு. அரைக்கக் கல்லு வேணும். அந்தக் கல்லும் தேயும், மறுபடி மறுபடி குடுக்கணும்." திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

தலைவர் அதற்குள் குழுவில் எழுதிவிட்டார்: அந்தக் கோழிகளுக்கு நோய், முட்டையை யாரும் வாங்காதீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சிப்பி போட்டவன் நான் அல்லவா? மிச்சக் கோழிகள் கல் தின்று தேறின. கிறிஸ்துமஸுக்கு அந்த முட்டைகளில் கேக் செய்து அக்கா வீடு வீடாகக் கொடுத்தார். மறுநாள் தெருக் குப்பைத் தொட்டியில் அந்தக் கேக்குகளை அவரே பார்த்தார். அதுதான் அவருடைய கடைசி கிறிஸ்துமஸ்.

அடக்கம் முடிந்த வாரம் தலைவர் என் வாசலில் நின்றார். அவர் கூண்டில் வளர்க்கும் செராமா அழகுக் கோழிகளுக்கு உடம்பு சரியில்லையாம்.

"அண்ணே, எச்சத்துல சோளம் முழுசா வருது லா. அக்கா வச்சிருந்த கல்லு இருக்கா?"

அக்கா கல் பொடி போட்டு வைத்த பிஸ்கட் டின் என்னிடம்தான் இருந்தது. "முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வாங்க, தரேன்," என்றேன். கோழி என்ன பாவம் செய்தது என்று கேட்பீர்கள். அக்காவின் கோழி என்ன பாவம் செய்தது?

ஜெபம் முடிந்ததும் நான் எழுந்தேன். "அக்கா கோழிக்கு நோய் இல்ல. சொன்னதைக் கேக்காம சிப்பி போட்டது நான். தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தேன்." பிறகு தலைவர் பக்கம் திரும்பினேன். "நான் சொல்லிட்டேன் தலைவரே. இப்ப நீங்க."

அவர் முனகினார். "பின்னால கேக்கல," என்றேன். நோய் என்று தான் சொன்னது பொய் என்று உரக்கச் சொன்னார். அக்காவின் மகள் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

டின்னைத் திறந்து ஒரே ஒரு பிடி கொடுத்தேன். மிச்சம் என்னிடம் இருக்கிறது. அக்கா சொன்னபடி அந்தக் கல்லும் தேயும். தலைவர் மறுபடி வருவார். மறுபடி சொல்ல வைப்பேன்.